அடக்கிப் பழகிய கோபம்

2022 ஆகஸ்ட் கடைசியில் ஒரு சனிக்கிழமை இரவு, என்னிடம் முன்பு ஜூனியராக இருந்த பெண்ணிடமிருந்து வாட்ஸப்பில் செய்தி வந்தது. நான்கு வருடமாகப் பொங்கல், தீபாவளி வாழ்த்து தவிர அவளிடமிருந்து வேறு எதுவும் வந்ததில்லை. “மேடம், ஷீ-ஹல்க்னு ஒரு சீரிஸ் வந்திருக்கு. முதல் எபிசோட் மட்டும் பாருங்க. வக்கீல் கதைதான். முக்கால் மணி நேரம்கூட ஆகாது” என்று எழுதியிருந்தாள்.

எனக்கு சூப்பர் ஹீரோ கதைகளில் பெரிய ஈடுபாடு கிடையாது. பையன் சின்னவனாக இருந்தபோது அவனுக்காகத் தியேட்டரில் உட்கார்ந்திருக்கிறேன். கோபம் வந்தால் பச்சை நிறமாகி, உடம்பு பெருத்து, சட்டையைக் கிழித்துக்கொண்டு வருகிறவன்தான் ஹல்க் என்ற அளவுக்குத் தெரியும். ஆனாலும் அவள் இத்தனை நாள் கழித்து ஒன்றைப் பார்க்கச் சொல்கிறாளே என்று, மறுநாள் மத்தியானம் சமையல் வேலை முடிந்ததும் பையனை விட்டு டிவியில் போடச் சொன்னேன். திங்கட்கிழமைக்குத் தயார் செய்ய வேண்டிய கட்டுகளை மடியில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். பத்து நிமிடத்தில் கட்டுகளைக் கீழே வைத்துவிட்டேன்.

கதை இதுதான். ஜெனிஃபர் வால்டர்ஸ் லாஸ் ஏஞ்சலிஸில் அரசுத் தரப்பு வழக்கறிஞர். முதல் காட்சியிலேயே இறுதி வாதத்தை ஒத்திகை பார்க்கிறாள். உதவியாளராக இருக்கும் தோழி நிக்கி உற்சாகப்படுத்துகிறாள். டென்னிஸ் என்ற சக வக்கீல், தன்னைவிட இவள் என்ன பெரிதாகப் பேசிவிடப் போகிறாள் என்கிற தோரணையில் நிற்கிறான். அந்த டென்னிஸை எனக்கு இருபது வருடமாகத் தெரியும். எல்லா கோர்ட்டிலும் இருப்பான்.

பிறகு கதை பின்னால் போகிறது. ஜெனிஃபரும் அவளுடைய கஸின் புரூஸ் பேனரும், அதாவது பழைய ஹல்க்கும், காரில் போகும்போது விபத்து நடக்கிறது. அவனுடைய ரத்தம் அவளுடைய காயத்தில் கலந்துவிடுகிறது. அவளும் ஹல்க் ஆகிவிடுகிறாள். புரூஸ் அவளை மெக்ஸிகோவில் கடற்கரையோரம் இருக்கும் தன் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோய்ப் பயிற்சி தருகிறான். கோபமும் பயமும்தான் ஹல்க்கைத் தூண்டிவிடும், அதைக் கட்டுப்படுத்தப் பல வருடம் ஆகும், எனக்கே பதினைந்து வருடம் ஆனது என்கிறான். ஒரு தடித்த கோப்பில் எல்லாப் பாடத்தையும் எழுதி வைத்திருக்கிறான். அவளோ முதல் நாளிலிருந்தே நினைத்தபோது ஹல்க் ஆகிறாள், நினைத்தபோது திரும்பி வருகிறாள். அவனால் நம்ப முடியவில்லை.

அப்போதுதான் அவள் அந்தப் பேச்சைப் பேசுகிறாள். தெருவில் என்னைப் பார்த்து ஒருவன் கத்தும்போது கோபத்தை அடக்குகிறேன், என் துறையைப் பற்றி ஒன்றும் தெரியாத ஆண் எனக்கே பாடம் எடுக்கும்போது அடக்குகிறேன், அடக்காவிட்டால் உணர்ச்சிவசப்படுகிறவள், ஒத்துவராதவள் என்று பெயர் வாங்குவேன், உயிரேகூடப் போகலாம், அதனால் கோபத்தை அடக்குவதில் உன்னைவிட எனக்குத் தேர்ச்சி அதிகம் என்பது அதன் சாரம்.

நான் கை தட்டினேன். டிவி முன்னால் தனியாக உட்கார்ந்து கை தட்டினேன். அறைக்குள்ளிருந்து பையன் எட்டிப் பார்த்தான்.

இருபத்திரண்டு வருடம் நான் செய்துவந்ததை ஒரு நிமிடத்தில் இவள் சொல்லிவிட்டாளே என்றிருந்தது. குறுக்கு விசாரணையில் நான் குரலை உயர்த்தினால் எதிர்த்தரப்பு வக்கீல் நீதிபதியைப் பார்த்து, “மேடம் டென்ஷன் ஆகுறாங்க” என்பார். அரங்கமே லேசாகச் சிரிக்கும். அதே வக்கீல் மேஜையைத் தட்டி, சாட்சியை நடுங்க வைத்தால், வராந்தாவில் வந்து “இன்னிக்கு சார் பிச்சுட்டார்” என்பார்கள். ஆரம்பத்திலேயே இதைப் புரிந்துகொண்டேன். கோபம் வந்தால் பேனாமூடியை விரலால் அழுத்துவேன். கட்டில் எதையோ தேடுவதுபோல் குனிவேன். தண்ணீர் குடிப்பேன். பிறகு சிரித்த முகத்தோடு, “எதிர்த்தரப்பு நண்பர் சொன்னதை மதிக்கிறேன்” என்று தொடங்குவேன். பல வழக்குகளை அப்படித்தான் ஜெயித்தேன். “மேடத்துக்குக் கோபமே வராது” என்று பாரில் சொல்வார்கள். அதை ஒரு பதக்கம் மாதிரி நான் வைத்திருந்தேன்.

அன்று சாயங்காலம் ஜூனியருக்கு எழுதினேன். “பார்த்தேன். பிரமாதம். நம்ம கதையேதான்.”

கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது. “ஆமா மேடம். நீங்க அன்னிக்குச் சொன்னதத்தான் அவளும் சொல்றா. ஆனா அந்த பாத்ரூம் சீன் பாத்தீங்களா?”

எனக்கு அந்தக் காட்சி ஞாபகத்தில்கூட இல்லை. ஆனால் “அன்னிக்கு” என்ற சொல் எந்த நாளைக் குறிக்கிறது என்று மட்டும் உடனே தெரிந்துவிட்டது.

அது 2017. அவள் என்னிடம் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அவள் குடும்பத்தில் கறுப்பு கவுன் போட்ட முதல் ஆள் அவள்தான். அப்பா கொத்தனார். காலையில் இரண்டு பஸ் மாறி ஒன்பது மணிக்கெல்லாம் ஆபீஸைத் திறந்து வைத்துவிடுவாள். மனு எழுதினால் ஒரு அடித்தல் திருத்தல் இருக்காது. சட்டென்று கோபம் வரும். பெஞ்ச் கிளார்க் வேண்டுமென்றே கட்டைத் தேடாமல் அலையவிட்டால் நேராகக் கேட்டுவிடுவாள். நான் அதட்டுவேன். அப்படியெல்லாம் பேசினால் நாளைக்கு வேலை நடக்காது என்பேன்.

அன்று மத்தியானம் வராந்தாவில் அவள் குரல் கேட்டது. எங்கள் பாரில் எல்லோரும் மரியாதையாகப் பேசும் ஒரு சீனியரைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாள். கட்டை வாங்குகிற சாக்கில் அவர் தொடக்கூடாத இடத்தில் தொட்டிருக்கிறார். முதல் தடவை இல்லை. அதற்கு முன் சில வாரங்களாக ஜாடைப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அந்த நிமிடம் எனக்குத் தெரிந்ததெல்லாம், கட்சிக்காரர்களும் டவாலிகளும் கூடிநின்று வேடிக்கை பார்க்கிறார்கள், என் ஜூனியர் கத்துகிறாள் என்பதுதான். அந்தப் பெரியவர், “உங்க ஜூனியரக் கொஞ்சம் பாத்துக்கங்க மேடம், பத்ரகாளி மாதிரி ஆடுறா” என்றார்.

நான் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பெண்கள் கழிவறைக்குப் போனேன். எங்கள் கோர்ட்டில் அந்தக் கதவுக்கு அப்போது தாழ்ப்பாள் கிடையாது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே நிற்க வேண்டும். ஒரு வாளி, ஒரு மக், ரசம் போன கண்ணாடி. அவள் நடுங்கிக்கொண்டிருந்தாள். நான் குழாயைத் திறந்துவிட்டு, “முகத்தக் கழுவு” என்றேன். “என்ன நடந்திருந்தாலும் வராந்தால நின்னு கத்தலாமா? இப்ப பேர் யாருக்குக் கெட்டுப்போச்சு? எனக்கு இதெல்லாம் நடக்கலன்னு நினைக்கிறியா? இதவிட மோசமா நடந்திருக்கு. அடக்கிக்கக் கத்துக்கிட்டேன். அதனாலதான் இன்னிக்கு நிக்கிறேன். நீயும் கத்துக்க. ரெண்டரைக்கு நம்ம கேஸ் இருக்கு, வா.”

அவள் முகத்தைக் கழுவினாள். இரண்டரை மணிக்கு வந்து என் பின்னால் நின்று கட்டை எடுத்துக் கொடுத்தாள். எட்டு மாதம் கழித்து, ஒரு தனியார் நிறுவனத்தில் ஒப்பந்தங்கள் சரிபார்க்கும் வேலை கிடைத்திருப்பதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். நான் ஒரு பட்டுப்புடவை வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். நல்ல வக்கீலாக வந்திருக்க வேண்டிய பெண், பொறுமை இல்லாமல் போய்விட்டாளே என்று பலரிடம் சொல்லியும் இருக்கிறேன்.

அவள் கேட்ட காட்சியை அன்றிரவே திரும்பப் போட்டுப் பார்த்தேன்.

விபத்துக்குப் பிறகு முதல் தடவை ஹல்க் ஆகி, திரும்பவும் சாதாரண உருவத்துக்கு வந்த ஜெனிஃபர், கிழிந்த உடையும் அழுக்குமாக எங்கோ கண்விழித்து நடந்து, வழியிலிருக்கும் ஒரு மதுக்கடையின் பெண்கள் கழிவறைக்குள் நுழைகிறாள். தனக்கு என்ன ஆனதென்று அவளுக்கே தெரியாது. கொஞ்ச நேரத்தில் சில பெண்கள் உள்ளே வருகிறார்கள். குடித்துவிட்டுக் கும்மாளமாக வருகிறவர்கள். அவளைப் பார்த்ததும் நின்றுவிடுகிறார்கள். எவனோ ஒருவன்தான் இவளை இந்த நிலைக்கு ஆளாக்கியிருக்க வேண்டும் என்பதுதான் அவர்களுக்கு முதலில் தோன்றுகிறது. நீ என்ன செய்தாய் என்று ஒருத்தியும் கேட்பதில்லை. முகத்தைத் துடைக்கிறார்கள், மேக்கப் போட்டுவிடுகிறார்கள், போட்டுக்கொள்ள உடை தருகிறார்கள், பேசுவதற்குப் போன் தருகிறார்கள். காட்சி ஒன்றிரண்டு நிமிடம்கூட இருக்காது. அந்தப் பெண்களுக்குக் கதையில் வேறு வேலை எதுவும் இல்லை. அவள் வெளியே வந்து நின்றதும் சில ஆண்கள் வந்து வம்பு செய்கிறார்கள். அவள் மறுபடி பச்சையாகிறாள்.

முதல் தடவை இந்தக் காட்சியைச் சிரிப்புக் காட்சி என்று நினைத்துக் கடந்துவிட்டிருக்கிறேன். இரண்டாம் தடவை அதை என்னால் முழுதாகப் பார்க்க முடியவில்லை. கழிவறை, நடுங்கும் பெண், தண்ணீர், முகம். எல்லாம் ஒன்றுதான். முன்பின் தெரியாத அந்தப் பெண்கள் செய்த ஒரு காரியத்தை, ஒன்றரை வருடம் கூட வைத்துச் சோறு போட்ட நான் செய்யவில்லை.

பிறகு பல நாள் அந்த எபிசோடைப் பற்றியே யோசித்தேன். ஜெனிஃபரின் பேச்சு பொய் இல்லை. அதில் சொல்லப்பட்டதெல்லாம் உண்மை. வக்கீல் தொழிலை வைத்தே அதற்கு எத்தனையோ ஆதாரம் காட்டலாம். அவளுடைய நாட்டில் மைரா பிராட்வெல் என்ற பெண் சட்டம் படித்துத் தேர்ச்சி பெற்று, சட்டப் பத்திரிகையும் நடத்திக்கொண்டிருந்தார். அவருக்கு வக்கீலாகப் பதிவு செய்யும் உரிமை இல்லையென்று 1873இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பெண்ணுக்கு இயல்பாகவே உள்ள கூச்சமும் மென்மையும் பல தொழில்களுக்குப் பொருந்தாதவை என்று அதில் நீதிபதி பிராட்லி தனியாக எழுதினார். நூறு வருடம் கழித்துக் குற்றச்சாட்டு தலைகீழானது. ஆன் ஹாப்கின்ஸ் என்பவர் ஒரு பெரிய கணக்குத் தணிக்கை நிறுவனத்தில் பங்குதாரர் ஆவதற்கு எல்லாத் தகுதியும் உள்ளவர். ஆனால் கடுமையாக நடந்துகொள்கிறார் என்றார்கள். இன்னும் பெண்மையாக நட, பெண்மையாகப் பேசு, மேக்கப் போடு என்று அவருக்கு அறிவுரை வந்தது. அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1989இல் இப்படிச் சொல்வதும் பாலினப் பாகுபாடுதான் என்று தீர்ப்பானது. மென்மையாக இருந்தால் தொழிலுக்கு ஆகாது, கடுமையாக இருந்தால் பெண்ணுக்கு ஆகாது.

ஆராய்ச்சிகளும் இதையே காட்டியிருக்கின்றன. 2008இல் விக்டோரியா பிரஸ்கால், எரிக் ஊல்மன் என்ற இருவர் செய்த ஆய்வில், வேலையிடத்தில் கோபப்பட்ட ஆணின் மதிப்பு பார்ப்பவர்களிடம் கூடியது, கோபப்பட்ட பெண்ணின் மதிப்பு குறைந்தது. ஆணின் கோபத்துக்குக் காரணம் சூழ்நிலை என்றார்கள். பெண்ணின் கோபத்துக்குக் காரணம் அவள் குணம் என்றார்கள். 2015இல் வெளிவந்த இன்னொரு ஆய்வு மாதிரி ஜூரியை வைத்துச் செய்யப்பட்டது. மற்றவர்களோடு உடன்படாமல் கோபமாக வாதிடும் ஒரு ஜூரர். அதே வாதம், அதே சொற்கள், பெயர் மட்டும் ஆண் பெயர் அல்லது பெண் பெயர். ஆண் பெயர் இருந்தபோது மற்றவர்கள் தங்கள் முடிவைச் சந்தேகிக்கத் தொடங்கினார்கள். பெண் பெயர் இருந்தபோது தங்கள் முடிவுதான் சரியென்று இன்னும் உறுதியானார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு நம் ஊர்ப் பழமொழி ஒன்றுதான் ஞாபகம் வந்தது. கோபம் இருக்கிற இடத்தில்தான் குணம் இருக்கும் என்பார்கள். என் மாமனாரைப் பற்றிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், என் சீனியரைப் பற்றிக் கேட்டிருக்கிறேன். ஒரு பெண்ணைப் பற்றி யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. நமக்கென்று பஜாரி, ராங்கி, அடங்காப்பிடாரி என்று வேறு சொற்கள் இருக்கின்றன.

ஹல்க்கின் கதையிலேயே இந்த வித்தியாசம் இருக்கிறது. 1977இல் தொடங்கி 1982 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த பழைய ஹல்க் தொடரில், கோபம் ஒரு ஆணின் பெரும் துயரம். அவன் எபிசோட் முடிவில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தனியாக நெடுஞ்சாலையில் நடந்துபோவான். பார்ப்பவர்களுக்கு அழுகை வரும். பெண் ஹல்க் பிறந்த கதையோ வேறு. டிவிக்காரர்கள் தாங்களே ஒரு பெண் ஹல்க்கை உருவாக்கி அந்தப் பெயருக்குச் சொந்தம் கொண்டாடிவிடக் கூடாது என்றுதான் மார்வெல் நிறுவனம் அவசரமாக 1980இல் அவளைக் காமிக்ஸில் கொண்டுவந்தது என்பார்கள். காமிக்ஸிலும் அவள் ஆரம்பத்திலிருந்தே வக்கீல்தான். அவன் கோபத்துக்குப் பின்னால் ஒரு சோகம் இருந்தது. அவள் கோபத்துக்குப் பின்னால் இருந்தது ஒரு உரிமைப் பத்திரம்.

ஆக, ஜெனிஃபர் சொல்வதற்கு ஆதாரம் நிறைய. எனக்கு இடித்தது அவள் அதை எங்கே கொண்டுபோய் முடிக்கிறாள் என்பதுதான். நான் நன்றாக அடக்குகிறேன், ஆகவே நான் தேர்ந்தவள், ஆகவே உன் பாடம் எனக்குத் தேவையில்லை என்கிறாள். தொடரும் அவள் பக்கம் நிற்கிறது. எபிசோட் முடிவில் டைட்டானியா என்ற பலசாலிப் பெண் சுவரை உடைத்துக்கொண்டு கோர்ட்டுக்குள் வரும்போது, ஜெனிஃபர் பச்சையாகி, அவளை ஒரே அடியில் வீழ்த்திவிட்டு, திரும்பவும் சாதாரண உருவத்துக்கு வந்து, இறுதி வாதத்துக்குத் தயார் என்கிறாள். அடக்கிப் பழகியதன் பரிசு மாதிரி அந்த வெற்றி வருகிறது.

ஒரு வக்கீலாக அந்தப் பேச்சை நான் இப்போது வேறு மாதிரி படிக்கிறேன். அதில் அவள் அடுக்குவதெல்லாம் குற்றச்சாட்டுகள். தெருவில் கத்துகிறவன், பாடம் எடுக்கிறவன், கொலைகூடச் செய்யக் கூடியவன். இத்தனை பேர்மேல் புகார் சொல்லிவிட்டு, கடைசியில் ஒரு நிவாரணமும் கேட்காமல் தனக்கே ஒரு நற்சான்றிதழ் எழுதிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள். இப்படி ஒரு மனுவை என் ஜூனியர் எழுதிக் கொண்டுவந்திருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன். ஆனால் என் வாழ்க்கை மனுவை நான் அப்படித்தான் எழுதி வைத்திருந்தேன்.

தொடரை முழுதாகப் பார்த்தேன். இரண்டாவது எபிசோடிலேயே கோர்ட்டில் அவள் செய்த சாகசத்தால் வழக்கு கெட்டு, அவளுக்கு வேலை போய்விடுகிறது. கடைசி எபிசோடுக்கு முந்தையதில், ஒருவன் ரகசியமாக எடுத்த அவளுடைய அந்தரங்க வீடியோவை விருது விழாவில் எல்லோர் முன்னாலும் திரையில் போட்டுவிடுகிறார்கள். அவள் ஹல்க் உருவத்தில் இருக்கிறாள். திரையை உடைக்கிறாள். குற்றவாளியைப் பிடிக்கிறாள். மறுநொடி துப்பாக்கிகள் அவளை நோக்கித்தான் திரும்புகின்றன. முதல் எபிசோடில் அவள் பெருமையாகச் சொன்ன தேர்ச்சியெல்லாம் அங்கே ஒரு பைசாவுக்கு உதவவில்லை. இத்தனை வருடம் அடக்கினாயே, இந்த ஒரு தடவை கோபப்பட உனக்கு நியாயம் இருக்கிறது என்று யாரும் அவளுக்கு வரவு வைத்துப் பேசவில்லை. அடக்கியதற்கு எங்கும் கணக்கு கிடையாது என்பதை அந்த எபிசோடில்தான் தெரிந்துகொண்டேன்.

இன்னொன்றும் புரிந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் ஜெனிஃபரை என் இடத்தில் வைத்துக் கை தட்டினேன். உண்மையில் அந்தக் கதையில் என் இடம் புரூஸுடையது. அவன் கெட்டவன் இல்லை. தான் பட்ட கஷ்டத்தை அவள் படக் கூடாது என்று நினைக்கிறான். அதற்காகவே அந்தத் தடித்த கோப்பைத் தயாரித்து வைத்திருக்கிறான். தனக்குப் பதினைந்து வருடம் பிடித்ததென்றால் அவளுக்கும் பிடிக்க வேண்டும் என்பதில் மட்டும் பிடிவாதமாக இருக்கிறான். என்னிடமும் அப்படி ஒரு கோப்பு இருந்தது. அதைத்தான் தாழ்ப்பாள் இல்லாத அந்தக் கழிவறையில் அவள்முன் பிரித்து வைத்தேன்.

அதிலும் ஒரு வித்தியாசத்தைச் சொல்லியாக வேண்டும். என் அப்பா அதே பாரில் வக்கீலாக இருந்தவர். நான் அடக்கிக்கொண்டு நின்றபோது எனக்குப் பின்னால் ஒரு பெயர் நின்றது. எவனும் ஒரு எல்லைக்கு மேல் போகப் பயப்படுவான். அவளுக்குப் பின்னால் அப்படி யாரும் இல்லை. நான்தான் இருந்தேன். கறுப்பினப் பெண்ணியவாதி ஆட்ரி லார்ட் 1981இல் கோபத்தின் பயன்களைப் பற்றி ஆற்றிய உரை ஒன்று உண்டு. இனவெறியைப் பற்றிப் பேசு, ஆனால் இத்தனை காட்டமாகப் பேசாதே, அப்போதுதான் கேட்க முடியும் என்று தன்னிடம் ஒரு வெள்ளைக்காரப் பெண் சொன்னதை அதில் குறிப்பிடுகிறார். நான் அந்த உரையைக் கூட்டங்களில் மேற்கோள் காட்டியிருக்கிறேன். அதில் வரும் அந்த வெள்ளைக்காரப் பெண் யார் என்று யோசித்ததில்லை.

கூட்டங்கள் என்றேன். அதையும் சொல்லிவிடுகிறேன். பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் வருடச் சட்டத்தைப் பற்றி மார்ச் எட்டாம் தேதி வந்தால் கல்லூரிகளிலும் மில்களிலும் பேச என்னைத்தான் கூப்பிடுவார்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடம் என்றால் உள் குழு, அதற்குக் குறைவான சின்ன இடம் என்றால் மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு, சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் புகார், தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் என்று விரல்விட்டுச் சொல்வேன். “பயப்படாதீங்க, வாயத் தொறந்து சொல்லுங்க” என்று முடிப்பேன். 2017லும் பேசினேன். அவள்தான் கூட வந்து மைக் சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள். வாயைத் திறந்து சொன்ன ஒரே ஒரு பெண்ணின் வாயில் நான் தண்ணீரை ஊற்றி மூடினேன்.

இரண்டு வாரம் கழித்து அவளுக்குப் போன் செய்தேன். மன்னிப்பு என்ற சொல்லைச் சொல்வதற்கு முன் எவ்வளவோ சுற்றினேன். சாட்சிக் கூண்டில் நிற்பவர்கள் ஏன் சுற்றி வளைத்துப் பேசுகிறார்கள் என்று அன்று எனக்குத் தெரிந்தது. ஒருவழியாகச் சொன்னேன். “நான் அன்னிக்கு உன்கிட்ட அப்படி நடந்திருக்கக் கூடாது. தப்பு என்மேலதான்.”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, “மூணு மாசம் தாண்டிடுச்சே மேடம்” என்றாள். சிரித்தாளா என்று தெரியவில்லை.

பிறகு அவளே பேசினாள். “நீங்க எனக்காக அவர்கூடச் சண்டை போடணும்னு நான் நினைக்கல மேடம். உங்களுக்கும் அந்த பார்லதான் பொழப்பு. எனக்குத் தெரியும். என்ன நடந்துச்சு, என்ன பண்ணான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நீங்க கேட்கவே இல்ல. நான் கத்துனதப் பத்தி மட்டுந்தான் பேசினீங்க. அந்த சீன்ல அவங்க குடிச்சிட்டு இருக்காங்க, யாருன்னே தெரியாது, ஆனா அவளத்தான் பாக்குறாங்க. அதான் உங்கள பாக்கச் சொன்னேன்.”

திரும்ப வருகிறாயா என்று கேட்டேன். இல்லை மேடம், இங்கே நன்றாக இருக்கிறேன் என்றாள். இப்போது அவளுக்குக் கீழே நான்கு பேர் வேலை செய்கிறார்களாம். அதில் இரண்டு பெண்கள். அவர்களுக்குக் கோபம் வந்தால் என்ன செய்வாய் என்று கேட்க எனக்கு ஆசையாக இருந்தது. கேட்கவில்லை.

அந்தப் பெரியவர் இன்னும் எங்கள் பாரில்தான் இருக்கிறார். வராந்தாவில் எதிரே வந்தால் வணக்கம் வைப்பார். முன்பு நானும் வைப்பேன். இப்போது வைப்பதில்லை. மேடத்துக்கு என்ன கோபம் என்று மற்றவர்களிடம் கேட்டிருக்கிறார். சீனியர் ஒருவர் என்னிடம் வந்து, “பழசையெல்லாம் மனசுல வச்சுக்காதீங்க மேடம், உங்களுக்குத்தான் கோபமே வராதே” என்றார்.

வருகிறது சார் என்றேன். என்ன நடந்தது என்றும் சொன்னேன். அவள் பெயரைச் சொல்லவில்லை, அவர் பெயரைச் சொன்னேன். குரல் உயர்ந்துதான் போனது. வராந்தாவில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பேனாமூடியைத் தேடி என் விரல் போனதை நானே பார்த்தேன்.